அத்திப்பள்ளிக்குப் போன சூட்கேஸ்கள்

எங்கள் கம்பெனி ஆயுத பூஜைக்கு ஆளுக்கொரு சூட்கேஸ் கொடுத்தபோது, எங்களையெல்லாம் வேலையைவிட்டு ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நான் நம்பினேன். சும்மா மனசுக்குள் ஒரு நினைப்பு என்றால் பரவாயில்லை. சோறு இறங்காமல், நெற்றியில் திருநீற்றின் அளவு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிற அளவுக்கு நம்பினேன்.

ஒரு பெட்டியைப் பார்த்து ஒருவன் இப்படியா பயப்படுவான் என்று ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்காதவர்கள் கேட்கலாம். இரண்டாயிரங்களில் அங்கே ஒரு கம்பெனி நிமிர்ந்து நிற்கிறதா, தள்ளாடுகிறதா என்பதை நாங்கள் யாரும் பேப்பர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆயுத பூஜைக்கு என்ன கொடுத்தார்கள் என்றுதான் பார்ப்போம். எவர்சில்வர் என்றால் கம்பெனி திடமாக இருக்கிறது. பிளாஸ்டிக் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வெறும் ஸ்வீட் பாக்கெட்டோடு அனுப்பிவிட்டார்கள் என்றால் பயோடேட்டாவைத் தூசி தட்ட வேண்டியதுதான். எங்கள் வீட்டு அலமாரியில் குடம், டிபன் கேரியர், இட்லிக் கொப்பரை என்று வருஷவாரியாக நிற்கும். எல்லாவற்றின் வயிற்றிலும் கம்பெனி பெயர் பொறித்திருக்கும். நான் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறேன் என்று யாராவது கேட்டால் என் மனைவி அலமாரியைத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த வரிசையில் சூட்கேஸுக்கு இடமே இல்லை. அதற்கு என்ன பொருள் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் பயத்தை நிரப்புவதில் நான் கெட்டிக்காரன்.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஓசூருக்கு வருவதற்கு முன் விருதுநகர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் இருந்தேன். கஞ்சத்தனத்துக்குப் பெயர் போன மில். ஒரு தீபாவளிக்கு என்ன ஆனதோ, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஸ்வீட், கூடவே வேட்டியும் சேலையும் கொடுத்தார்கள். முதலாளிக்கு மனசு மாறிவிட்டது என்று ஊரே பேசியது. பொங்கல் முடிந்து வேலைக்குப் போனால் கேட்டில் பூட்டு தொங்கியது. அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் அதன் முன்னால் நின்றேன். அன்றிலிருந்து எனக்கு யாராவது பிரியமாக எதையாவது நீட்டினால் அந்தப் பூட்டுதான் கண்ணில் தெரியும்.

ஓசூரில் அது தெரியாத நாள் குறைவு. ஊர் அப்போது அப்படி ஒரு வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. பெங்களூர் பொங்கி வழிந்து ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. நேற்று ராகிக் கொல்லையாக இருந்த இடத்தில் இன்று ஷெட் நிற்கும். ஷெட் நிற்கும் முன்பே சுவரில் 'ஆட்கள் தேவை' என்று எழுதிவிடுவார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் திருநெல்வேலித் தமிழ், தஞ்சாவூர்த் தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து 'இனிமே ஓசூர்தான்' என்று சொல்லும். எல்லோரும் ஒரே விஷயத்தை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறார்களே என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

எங்கள் கம்பெனி வண்டிகளுக்கான உதிரி பாகங்கள் செய்தது. நான் கிரைண்டிங் செக்சன். உருளைகளைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற மெஷின் என்னுடையது. பூஜைக்கு முந்தைய வாரம் மூன்று பேர் வந்தார்கள். ஹிந்தியில் பேசிக்கொண்டே என் மெஷினைச் சுற்றி டேப் பிடித்து அளந்தார்கள். தரையில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். ஒருவர் மெஷினைத் தரையோடு பிடித்திருந்த போல்ட்டை ஷூ முனையால் தட்டிப் பார்த்தார், தேங்காய்க் கடையில் தேங்காயைத் தட்டுவதுபோல. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அதே வாரம் கேன்டீனில் புதன்கிழமை சாப்பாட்டோடு அவித்த முட்டை வைத்தார்கள். கேட்காமலே வைத்தார்கள். ஆட்களின் லீவு, சம்பளம் பார்க்கும் பர்சனல் ஆபீசர் எதிரே வரும்போது எனக்குக் குட்மார்னிங் சொன்னார். அவர் அதுவரை என்னைத் தூண் என்று நினைத்து விலகிப் போகிறவர்.

பூஜை அன்று வீட்டாரை உள்ளே விடுவது வழக்கம். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, எலுமிச்சம்பழம் வைத்திருந்தோம். என் மனைவி பட்டுப்புடவையோடு வந்து மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இந்தா இம்புட்டுதானா? நீங்க பேசுற பேச்சுக்கு நான் வீடு கணக்கா இருக்கும்னு நினைச்சேன்."

பூசணிக்காய் உடைத்து முடித்ததும் வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கொரு மெரூன் நிற சூட்கேஸைக் கையில் கொடுத்தார்கள். மூடியின் மேல் வெள்ளை எழுத்தில் கம்பெனி பெயர், உள்ளங்கை அகலத்துக்கு.

"என்னங்க, குக்கர்னு சொன்னீக?" என்றாள் மனைவி. "அடுத்த வீட்டுக்காரவுக கம்பெனியில அஞ்சு லிட்டர் குக்கர் குடுத்திருக்காக."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது, ஜோக் அடிப்பேன். அன்று மதியம் பொங்கல், வடை சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், "அளவெடுத்தாச்சு, முட்டை போட்டாச்சு, பெட்டியும் குடுத்தாச்சு. இனி மேளதாளத்தோட வழியனுப்புறதுதான் பாக்கி" என்றேன். அவர் என் பக்கத்து மெஷின்காரர். கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே நிலம் உள்ளவர். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். விடிவதற்குள் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஷிப்ட்டுக்கு வருவார். அவர் சிரித்துவிட்டு வடையைக் கடித்தார். அந்த மேஜையில் இருந்த இன்னும் சிலரும் சிரித்தார்கள். நானும்தான்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அசெம்ப்ளி செக்சன்காரர் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"விஷயம் தெரியுமாண்ணே? நம்மளை வடக்க தூக்கிட்டுப் போறாங்க."

"யாரை?"

"கம்பெனியைத்தாண்ணே. மலைப்பக்கம் ஒரு இடத்துல வரியே கிடையாதாம். நிலம் வாங்கி மட்டம் பண்ணிட்டாங்களாம். மெஷினை அளந்துட்டாங்க, ஆளுங்களுக்குப் பெட்டியும் குடுத்துட்டாங்க. எல்லாம் கணக்குப் பண்ணித்தான் செய்றாங்க."

"யார் சொன்னா உங்களுக்கு?"

"கிரைண்டிங் செக்சன்ல இருந்து வந்த நியூஸ். கன்பார்ம்."

கிரைண்டிங் செக்சன் என்பது நான். மூன்று ஷிப்ட்டுக்கும் சேர்த்து ஒரு கை விரல்களுக்குள் அடங்குகிற கூட்டம், அதில் அன்று வாயைத் திறந்தது நான் மட்டும். கொஞ்சமாவது மூளை உள்ளவன் அந்த இடத்திலேயே சிரித்திருப்பான். நான் அதையும் நம்பினேன். ஏனென்றால் நான் சொன்னதில் மலை இல்லை, வரி இல்லை, மட்டம் பண்ணிய நிலம் இல்லை. இதெல்லாம் சேர்ந்து வருகிறது என்றால் நான் விளையாட்டாகச் சொன்னது உண்மையிலேயே நடக்கிறது என்றுதானே பொருள்? எனக்கு நாக்கில் சனி என்று என் அம்மா சொல்வதும் ஞாபகம் வந்தது.

மறுநாள் பக்கத்து மெஷின்காரரிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இன்னாண்ணா இது, நேத்து நீதானே சொன்னே? நீயே சொல்லிட்டு நீயே பயந்துக்கினு கீறயா?"

"நான் சொன்னது வேற. இது மேலிடத்து நியூஸ்."

"சரி, மூடட்டும். நீங்கல்லாம் வெளியூர்க்காரங்கோ. பயம் வந்தா பஸ் ஏறிடுவீங்கோ. நான் எங்கே போறது? என் தக்காளியை ராயக்கோட்டை மண்டியில கொட்டிட்டு, அங்கேயே குந்திக்க வேண்டியதுதான்."

நாங்கள் பேசுவதைப் பார்த்து ஷிப்ட் சூப்பர்வைசர் வந்தார். சேலத்துக்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். "ரூமரை எல்லாம் நம்பாதீங்க. கம்பெனி எங்கேயும் போகாது. வேலையைப் பாருங்க" என்றார். குரல் அவ்வளவு நிதானமாக இருந்தது. மில் மூடுவதற்கு முந்தின நாள் மேஸ்திரியும் இதே நிதானத்தில்தான் பேசினார்.

நான் தீர்மானித்துவிட்டேன். மூடுகிற கம்பெனியிலிருந்து கடைசியாக வெளியே வருகிறவனுக்கு வேலை கிடைக்காது. எல்லோரும் தேட ஆரம்பிக்கும் முன் நான் தேடிவிட வேண்டும். நாற்பதைத் தொடுகிற வயது, ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டின் ஓரம் பூச்சி அரித்திருக்கிறது, பெண் ஏழாம் வகுப்பு. இந்த வேலை போனால் நான் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த 'முதல்' எங்கே இருக்கிறது என்றுகூட எனக்கு மறந்துவிட்டது.

அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் வியாழக்கிழமை நேர்முகத் தேர்வு என்று டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தது. எல்லை தாண்டி வேறு மாநிலம். எங்கள் ஆட்கள் யார் கண்ணிலும் பட வாய்ப்பில்லை. காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டேன்.

சர்டிபிகேட்டுகளை எதில் வைத்துக்கொண்டு போவது என்பதுதான் அடுத்த பிரச்சினை. வீட்டில் இருந்ததெல்லாம் மஞ்சப்பை. பூச்சி அரித்த சர்டிபிகேட்டை மஞ்சப்பையில் இருந்து எடுத்தால் யாராவது வேலை கொடுப்பார்களா? புத்தம் புதிய சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் இருந்தது. கம்பெனி பெயர்தான் இடைஞ்சல். பெண்ணின் மேஜையில் இருந்த முருகன் ஸ்டிக்கரை எடுத்துப் பெயரின் மேல் ஒட்டினேன். முருகன் சின்னவர், பெயர் பெரியது. இரண்டு பக்கமும் எழுத்து எட்டிப் பார்த்தது. எழுத்துள்ள பக்கத்தைக் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால் தெரியாது என்று கண்ணாடி முன் நடந்து பார்த்துக்கொண்டேன்.

"எந்த ஊருக்குப் பயணம்?" என்றாள் மனைவி.

"அத்திப்பள்ளி."

"அரை மணி நேரத்துல போற ஊருக்குப் பொட்டியா?"

ஜூஜுவாடியில் லாரிகள் செக்போஸ்ட்டுக்காக வால் நீட்டி நின்றன. நகர பஸ் நகரவில்லை. இறங்கி லாரிகளின் ஓரமாகவே எல்லையைக் கடந்து நடந்தேன். லாரி கிளீனர்கள் எல்லாம் என் பெட்டியையே பார்ப்பதுபோல் இருந்தது. கம்பெனி கேட்டை அடைந்தபோது வெளியே ஏற்கெனவே ஒரு நீண்ட வரிசை.

வரிசையின் கடைசியில் போய் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு முன்னால் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்றவர் கையில் மெரூன் சூட்கேஸ். அவருக்கு முன்னால் நின்றவரிடமும் மெரூன் சூட்கேஸ். எல்லாப் பெட்டிகளும் எழுத்துள்ள பக்கம் காலோடு ஒட்டி இருந்தன. ஒருவர் பெயரின் மேல் ஐயப்பனை ஒட்டியிருந்தார். இன்னொருவர் பெயின்ட் அடித்திருந்தார், அது காயாமல் பேன்ட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

முன்னால் நின்றவர் திரும்பினார். பஸ்ஸில் எனக்கு நியூஸ் சொன்ன அசெம்ப்ளிக்காரர்.

"காய்ச்சல்னு சொன்னாங்களேண்ணே?"

"உங்க பெரியம்மா தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்?"

"ஆமாண்ணே. காரியம் முடிஞ்சிருச்சு."

இருவரும் அதோடு நிறுத்திக்கொண்டோம். ஆனால் மனசு நிற்கவில்லை. இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்றால் செய்தி நிஜம். அவரும் என்னைப் பார்த்து அதையேதான் நினைத்திருப்பார். அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் மற்றவன் சாட்சி. சந்தேகத்தோடு வந்தவர்கள்கூட வரிசையைப் பார்த்ததும் உறுதியாக நம்பிவிட்டார்கள்.

அப்போது கதவு திறந்து, நேர்முகத் தேர்வு முடித்த ஒருவர் கையில் மெரூன் பெட்டியோடு வெளியே வந்தார். எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர். எங்கள் வரிசையைப் பார்த்தார். வரிசை அவரைப் பார்த்தது. அவர் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, "ரூமரை நம்பாதீங்க" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

என் முறை வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆபீசர் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார். முருகனையும் பார்த்தார்.

"ஏன்ரீ" என்று கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார். "உங்க கம்பெனி பூரா இங்கேதான் இருக்கா? அங்கே மெஷின் ஓட்டறது யாரு?"

"தெரியல சார்."

"சரி. அதை விட்டு ஏன் வர்றீங்க?"

வரிசையில் நிற்கும்போதே பதில் தயார் செய்திருந்தேன். "குரோத்துக்காக சார்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "காலையில இருந்து எல்லாரும் இதேதான் சொல்றீங்க. குரோத், குரோத். அங்கே என்ன, எல்லாரும் குள்ளமா ஆயிட்டீங்களா?"

பிறகு ஒரு மெஷினில் வேலை செய்யச் சொன்னார்கள். செய்தேன். வேலை சரியாக வந்தது. ஆபீசர் உருளையைத் தடவிப் பார்த்தார். "திங்கட்கிழமை வந்து சேர்ந்திடுங்க. முதல்ல டெம்பரரி. அப்புறம் பார்க்கலாம்."

சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்கு அந்த மில் பூட்டுதான் கண்ணில் தெரிந்தது. இவ்வளவு சுலபமாக யாராவது வேலை கொடுப்பார்களா? கேட்டுக்கு எதிரே டீ குடித்தபோது கடைக்காரரிடம் மெல்லக் கேட்டேன்: "இங்க எப்பப் பாத்தாலும் ஆள் எடுக்குறாங்களே, கம்பெனி நல்லா வளருது போல?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே 'ஆட்கள் தேவை' போர்டைக் காட்டினார். "நான் கடை போட்ட நாளா அந்த போர்டை இறக்கவே இல்ல சார். எழுத்து மங்கினா திரும்ப எழுதுவாங்க. வர்றவங்க வந்துட்டே இருக்காங்க. போறவங்க போயிட்டே இருக்காங்க. எனக்கு வியாபாரம் நல்லா நடக்குது."

காய்ச்சலை இன்னும் நீட்டி, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பழைய கம்பெனி மூடினால் நடுத்தெரு. புது கம்பெனியில் சேர்ந்து, அவர்கள் கொஞ்ச நாளில் கழற்றிவிட்டால் அதே நடுத்தெரு, ஆனால் கர்நாடகத்தில். இதை மனைவியிடம் விளக்கினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"இங்க மூடப் போறாகன்னு பயம். அங்க எடுத்துட்டாகன்னு பயம். ஒங்களுக்கு எதுதான் சரிப்படும்?"

"நீ சொல்லு, என்ன செய்ய?"

"ஒங்க மேனேஜர்கிட்ட நேராப் போய்க் கேளுங்க. வாய் இல்லாத ஆளா நீங்க? வாயாலதான இந்த வினையே."

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அத்திப்பள்ளி போகும் பஸ் முதலில் வந்து, நின்று, போனது. ஏறவில்லை. துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். புது இடத்தில் புதிதாகப் பயப்படத் தெம்பு இல்லை. பின்னாலேயே வந்த எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். வரிசையில் நின்றவர்கள் பலரும் அதில் இருந்தார்கள். யாரும் யார் பக்கத்திலும் உட்காரவில்லை.

உள்ளே போனதும் எல்லோரையும் என் மெஷின் முன்னால் கூடச் சொன்னார்கள். சூப்பர்வைசரைக் காணவில்லை. மேனேஜர் வந்தார்.

"அத்திப்பள்ளியில இருந்து எனக்கு ஒரு போன். அந்த ஆபீசரும் நானும் ஒண்ணாப் படிச்சவங்க. நம்ம பெயர் போட்ட பெட்டியோட நம்ம ஆளுங்க அவர் கேட்ல வரிசையில நிக்கிறாங்களாம். போட்டோ எடுத்து அனுப்பவான்னு கேக்கறார்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது, பயத்தில்.

"கம்பெனியை மூடறோம்னு யார் சொன்னது?"

கூட்டத்தில் பாதித் தலைகள் கிரைண்டிங் செக்சன்காரர்கள் பக்கம் மெல்லத் திரும்பின. பக்கத்து மெஷின்காரர் தொண்டையைச் செருமினார். "காத்துல வந்த சேதி சார் அது. காத்தைப் புடிச்சு மெமோ குடுக்க முடியுமா சார்?"

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "இந்த மெஷினை ரெண்டடி தள்ளி வைக்கப் போறோம். பக்கத்துல புது மெஷின் வருது, கம்ப்யூட்டர்ல ஓடறது. அதுக்குத்தான் அளந்தாங்க."

"அப்ப பெட்டி சார்?" என்றது பின்னால் ஒரு குரல்.

"எவர்சில்வர் விலை ஏறிப்போச்சு. பர்சேஸ்காரங்களுக்குப் பெட்டி மலிவாக் கிடைச்சது. அவ்வளவுதான்."

"முட்டை?"

"கேன்டீன் கான்ட்ராக்டர் மாறியிருக்கார். புதுசுல எல்லாரும் முட்டை போடுவாங்க."

இவ்வளவு சுலபமான பதில்களை நான் நம்பவில்லை. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் பாக்கி இருந்தது. கையைத் தூக்கினேன்.

"புது மெஷினை யார் சார் ஓட்டுவாங்க?"

"நீங்கதான். டிரெய்னிங் குடுப்போம்."

"அப்ப என் பழைய மெஷினை?"

"அதுக்குப் புதுசா ஆள் வருவாங்க."

பக்கத்து மெஷின்காரர் விடவில்லை. "பெர்மனென்ட்டா சார்?"

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். எல்லாரும் வேலைக்குப் போங்க. டிஸ்பாட்ச் நிக்குது."

கம்பெனி மூடவில்லை. வடக்கேயும் போகவில்லை. புது மெஷின் வந்தது, நான் அதை ஓட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு பக்கத்திலேயே ஒரு புது ஷெட்டும் வந்தது. சூப்பர்வைசர் ஒருவர்தான் அத்திப்பள்ளியில் போய்ச் சேர்ந்தார், திரும்பி வரவில்லை. நான் இன்றும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். புது ஷெட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கான்ட்ராக்ட் ஆட்கள். எங்களுக்குப் பிறகு நிரந்தர வேலைக்கு அங்கே ஒருவரையும் எடுக்கவில்லை.